வெள்ளை உடையில் வந்த டின் பால்

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. ரோட்டரி என்பது ஊரின் வணிகர்களும் கம்பெனி மேலாளர்களும் அதிகாரிகளும் கூடும் இடம். அங்கே போய் இப்படியொரு தலைப்பில் பேசத் துணிச்சல் வேண்டும். அவருக்கு அது இருந்தது. ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்து, இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில் ஏழாண்டு காலம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். புரதக் குறைவால் பிள்ளைகளின் உடல் வீங்கி, தோல் உரியும் 'குவாஷியார்கர்' நோயை 1933இல் மருத்துவ இதழில் விவரித்தவரும் அவரே. 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர், கோல்டு கோஸ்ட்டில் காணாத ஒன்றை இங்கே கண்டார். தாய்ப்பால் குடித்து நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகள் இனிப்பூட்டிய டின் பாலுக்கு மாற்றப்பட்டு, வயிற்றுப்போக்கிலும் சத்துக் குறைவிலும் செத்துக்கொண்டிருந்தன. செவிலியர் போல உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்தப் பாலைப் பரிந்துரைத்தார்கள். குழந்தை உணவு பற்றிய பொய்ப் பிரச்சாரத்தை ராஜத்துரோகமாகக் கருதித் தண்டிக்க வேண்டும், இந்தச் சாவுகளைக் கொலையாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர் அந்தக் கூட்டத்தில் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது குற்றம் யார்மேல் சுமத்தப்பட்டது என்பது. அக்காலத்துக் காலனி மருத்துவ அறிக்கைகளில் குழந்தைச் சாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தாயின் அறியாமை. வில்லியம்ஸ் விரலை விற்றவர் பக்கம் திருப்பினார். தாய்ப்பாலின் நன்மையைப் பற்றி நம் பத்திரிகைகளும் மருத்துவமனைச் சுவர்களும் இன்றைக்கும் தாய்க்கு உபதேசம் செய்கின்றன; அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. மலாயாவின் கதையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. தாய்ப்பாலை அங்கே பின்னுக்குத் தள்ளியவை விற்பனை முறையும் வேலை நேரமும். பிற்பாடு அதற்குக் கொஞ்சம் இடம் மீட்டுக் கொடுத்தவை சந்தைமீது விழுந்த கட்டுப்பாடுகள். அறிவு இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

அறிவு இருந்தது என்று எப்படிச் சொல்கிறேன்? வேதியியல் காரணம் தெரியும் முன்பே சாவுக் கணக்கு பேசிவிட்டது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் மூடிக் கிடந்தன. கூலி இல்லை, சோறு இல்லை. ஆனால் கைக்குழந்தைகளின் சாவு சில ஊர்களில் குறைந்ததைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தார்கள். வேலை இழந்த தாய்மார்கள் வீட்டிலிருந்து பால் கொடுத்ததுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1870-71இல் பாரிஸ் முற்றுகையின்போதும் இதே விசித்திரம். வெளியிலிருந்து மாட்டுப்பால் வரவில்லை, செவிலித்தாய்களிடம் பிள்ளையை அனுப்பவும் வழியில்லை. நகரத்தின் மொத்தச் சாவு ஏறியபோது கைக்குழந்தைச் சாவு இறங்கியது. இவையெல்லாம் தற்செயல் என்று ஒதுக்குபவர்களுக்கு இங்கிலாந்தின் டார்பி நகரம் பதில் சொன்னது. அங்கே சுகாதாரப் பார்வையாளர்கள் வீடுகளுக்குப் போய், எந்தக் குழந்தை எதைக் குடிக்கிறது என்று பதிவேட்டில் எழுதினார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் அந்தக் கணக்கை நகரச் சுகாதார அதிகாரி ஹோவர்த் 1905இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். தாய்ப்பால் குடித்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை 70. இரண்டும் கலந்து குடித்தவற்றில் 99. புட்டிப்பால் குடித்தவற்றில் 198. வில்லியம்ஸ் பேசுவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண்கள் அச்சில் இருந்தன. ஆட்சி செய்த பிரிட்டனுக்குத் தெரிந்த விஷயம் மலாயாவில் மட்டும் தெரியாமல் போய்விடவில்லை.

பின்னே டின் பால் எப்படி உள்ளே நுழைந்தது? பாலைச் சுண்டக் காய்ச்சும் முறைக்கு அமெரிக்காவின் கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி தொடங்கியது. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. 1912இல் பினாங்கில் கிளை திறந்தது. வெப்ப நாட்டில், ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில், கெடாமல் நிற்கும் பால் என்பது சாதாரணப் பொருளல்ல. அன்றைய சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பசும்பால் விற்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பாலில் தண்ணீர் கலந்ததற்காக அவர்கள் கோர்ட்டில் அபராதம் கட்டிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. டப்பாவை மூடி அனுப்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். தலையில் பால் வாளி சுமந்த பெண்ணின் படம் போட்ட டின் மலாய் மொழியில் 'சாப் ஜுன்ஜோங்', அதாவது தலைச்சுமைச் சின்னம், என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் மலேசியக் கடைகளில் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது அது தே தாரிக் ஆற்றுகிற கடைக்காரரின் சரக்கு.

அந்தச் சரக்கு குழந்தையின் வயிற்றுக்குள் என்ன செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இனிப்பூட்டிய டின் பாலில் எடைக்கணக்கில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சேர்த்த சர்க்கரை; அதுதான் பாலைக் கெடாமல் காக்கிறது. அப்படியே கொடுத்தால் திகட்டும். குழந்தை குடிக்கக்கூடிய இனிப்புக்கு வரும்வரை தண்ணீர் விட்டால் கொழுப்பும் புரதமும் ஒன்றுமில்லாமல் நீர்த்துவிடும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாத தாய் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுவாள். குழந்தை கொழுகொழுவென்று தெரியலாம், சர்க்கரைச் சதை. தொற்று ஒன்று வந்தால் தாங்காது. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த மலிவு டின்னில் வைட்டமின் ஏ சத்தும் கிடையாது. அதையே நம்பிய குழந்தைகளுக்குக் கண் போகும். பிரிட்டனில் இத்தகைய டின்களின்மேல் 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று அச்சிட வேண்டும் என 1920களிலேயே விதி வந்துவிட்டது. குடிசையில் திறந்து வைத்த டின்னுக்கு எறும்பும் ஈயும் வரும், கலக்கும் தண்ணீர் பொதுக்குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வரும், புட்டியின் ரப்பர் முனையை வெந்நீரில் போட்டெடுக்க விறகு செலவாகும் என்பதையெல்லாம் விளம்பரம் எழுதியவர் யோசித்திருக்க முடியாது. யோசித்திருந்தால் அது இன்னும் மோசம்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். வேலைக்குப் போகிற தாய் என்ன செய்வாள்? ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது நின்றுவிடும் என்பதால் வெட்டு முழுவதும் விடியற்காலை வேலை. பிறகு கோப்பைகளில் சேர்ந்ததை எடுத்து, சுமந்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்ப நண்பகல் ஆகும். கைக்குழந்தை அதுவரை ஆயாக் கொட்டகையில், பல குழந்தைகளுக்கு ஒரு கிழவி என்ற கணக்கில் கிடக்கும். அங்கே கொடுக்க ஏதாவது வேண்டும். டின் பால் அந்த இடைவெளியை நிரப்பியது, அது உபகாரம்தானே என்பது வாதம். பாதி உண்மை. அந்த ஏழெட்டு மணி நேரத்தை யார் தீர்மானித்தது என்ற கேள்வியை இது விட்டுவிடுகிறது. நடுவில் ஒருமுறை வந்து பால் கொடுத்துப் போக அவகாசம் தந்திருந்தால் தோட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று துரைமாரை யாரும் கணக்குக் கேட்கவில்லை. தாய்ப்பாலுக்கு விலை இல்லை என்பதால் அதற்குச் செலவே இல்லை என்று எல்லோரும் எண்ணினார்கள். அதன் செலவு தாயின் நேரம், அது கூலியில் பிடித்தமாக விழுந்தது. தவிர, வில்லியம்ஸ் கண்ட விற்பனைப் பெண்கள் வேலைக்குப் போகும் தாய்களை மட்டும் தேடிப் போகவில்லை. நகரத்துக் குடியிருப்புகளில், பிள்ளை பெற்று வீட்டில் இருந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போனார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. டின் பால் பரவிய அதே காலத்தில்தான் மலாயாவில் குழந்தைச் சாவு குறைந்தது. சிங்கப்பூரின் கிராமப்புறத்தில் 1927இல் ஆயிரத்துக்கு 263ஆக இருந்த இறப்பு 1938இல் 113க்கு இறங்கியது. பால் கொலை செய்திருந்தால் எண் ஏறியிருக்க வேண்டுமே? இந்த இறக்கத்துக்குப் பின்னால் இருந்தவர் ஐடா சிம்மன்ஸ் என்ற செவிலியர். 1927இல் வந்திறங்கி, கம்போங் எனப்படும் கிராமங்களுக்குள் நடந்து போய், பிள்ளை பெற்ற வீடுகளைத் தொடர்ந்து பார்க்கும் சுகாதாரப் பணியை உருவாக்கியவர். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, நலவாழ்வு நிலையங்கள் என்று பலதும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்தன. பல காரணங்கள் ஒரு திசையில் இழுக்கும்போது எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்று மொத்த எண்ணில் மறைந்துபோகும். இந்தக் கதையில் உண்மையான செவிலியர் வீடு தேடிப் போய்ச் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் போலிச் சீருடை தன் முதலாக்கிக்கொண்டது. ஜனங்கள் வெள்ளை உடையை நம்பியதற்குக் காரணம் இருந்தது.

மூன்றாவதாக, புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் கேட்பார்: புட்டிப்பால் குடித்த குழந்தை ஏழ்மையாலும் அழுக்காலும் செத்திருக்கலாம், அல்லது ஏற்கெனவே நோயில் விழுந்ததால் தாய்ப்பால் குடிக்க முடியாமல் போயிருக்கலாம், பால்மேல் ஏன் பழி? நியாயமான கேள்வி. 1934இல் சிகாகோவில் வெளியான, இருபதாயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் தாய்ப்பால் மட்டும் குடித்த 9,749 பேரில் 15 சாவு, புட்டிப்பால் மட்டும் குடித்த 1,707 பேரில் 144 சாவு. இவ்வளவு பெரிய வித்தியாசம் முழுவதும் பாலால் வந்தது என்று நானும் நம்பமாட்டேன். ஆனால் கேள்வி கூர்மையாக ஆக, பதிலும் கூர்மையானது. 1987இல் தென் பிரேசிலில் வறுமை, தாயின் படிப்பு முதலியவற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும், தாய்ப்பால் இல்லாத குழந்தை வயிற்றுப்போக்கில் சாகும் வாய்ப்பு 14 மடங்கு என்று வந்தது. 1990களின் பிற்பகுதியில் பெலாரஸில் 31 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் தாய்ப்பால் ஊக்குவிப்பைப் புகுத்தி, பதினேழாயிரம் தாய்-சேய்களைப் பின்தொடர்ந்தார்கள். சுத்தமான தண்ணீர் உள்ள அந்த நாட்டிலும் முதலாண்டு வயிற்றுத் தொற்று 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வு பிற்காலத்து உடல் பருமனில் வித்தியாசம் எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் சர்வரோக நிவாரணி என்று மேடையில் முழங்குகிறவர்கள் அதன் நல்ல பெயரைத்தான் கெடுக்கிறார்கள். அதன் உறுதியான பலன் தொற்றுநோய்க் காப்பு. காரணமும் இப்போது தெரியும்: 1961இல் ஸ்வீடனின் லார்ஸ் ஹான்சன், தாய்ப்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உள்ளதிலிருந்து அமைப்பில் வேறுபட்டது என்று காட்டினார். குடலில் செரித்துப் போகாமல் நின்று காவல் காக்கும் வகை அது. தாய் எந்த வீட்டில், எந்தக் கிருமிகளுக்கு நடுவே இருக்கிறாளோ அவற்றுக்கு எதிராக அவள் பாலில் அது சேர்கிறது. டப்பாவில் அடைக்க முடியாத பகுதி இதுதான்.

சிசிலி வில்லியம்ஸுக்குத் தன் வாதத்தைச் சோதிக்க ஒரு கொடுமையான வாய்ப்பு வந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். நடுவில் சில மாதங்கள் கெம்பெய்தாய் இராணுவப் போலீஸின் கூண்டில். பெண்கள் முகாமில் உணவு பற்றாது, மருந்து கிடையாது. அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் சொன்னார். இருபது என்பது சிறிய எண், ஆய்வாளர் எவரும் அதைச் சான்றாக ஏற்கமாட்டார். ஆனாலும் 'நல்ல சாப்பாடு இல்லாதவளுக்குப் பால் எங்கே ஊறும்' என்று அன்றும் இன்றும் சொல்லப்படுகிற பேச்சுக்கு அது பதில். மிதமான பட்டினியில் தாயின் உடம்பு இளைக்குமே தவிரப் பால் பெரிதாகக் குறையாது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன.

இப்படிச் சொல்வதால் பழைய வழக்கங்கள் எல்லாம் பொன்னானவை என்று ஆகிவிடாது. தமிழ் வீடுகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் நாக்கில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்தது எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுத்ததல்ல. முதல் மூன்று நாள் வருகிற, நோயெதிர்ப்புச் சத்து மிகுந்த அந்த மஞ்சள் பாலை வீணடிக்கும் வழக்கம் இந்தியா முழுவதும் பரவலாக இருந்தது. அதே பாட்டிமார்தான் பாலாடையையும் வைத்திருந்தார்கள்; மூக்கு நீண்ட அந்தச் சிறு கிண்ணம் இன்று குறைமாதக் குழந்தைகள் பிரிவுகளில் புட்டிக்குப் பதிலாகப் பயன்படுகிறது. மரபில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. கெட்டதைத் திருத்த அறிவுரை போதுமானதாக இருந்தது, ஏனென்றால் சீம்பாலைக் கொட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

லாபம் இருக்கும் இடத்தில் அறிவுரை எடுபடாததற்கு உடற்கூறு சார்ந்த ஒரு காரணமும் உண்டு. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பிரசவ வார்டில் இலவசமாகக் கொடுத்த ஒரு டப்பா நாலு நாள் ஓடும். அந்த நாலு நாளில் குழந்தை மார்பைத் தேடுவது குறையும், அதனால் பால் குறையும், 'எனக்குப் பால் பத்தலை' என்று தாய் சொல்வாள். அப்போது அது உண்மையாகவே ஆகியிருக்கும். இலவச மாதிரி தன் வாடிக்கையாளரைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. போருக்குப் பிந்தைய முப்பதாண்டுகளில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இந்த முறை விரிந்தது; டின் பாலின் இடத்துக்குப் பால்மாவு வந்தது, சீருடைப் பெண்கள் 'பால் செவிலியர்' ஆனார்கள். 1974இல் பிரிட்டனில் இதுபற்றி ஒரு சிறு நூல் வெளியானது. அதை ஜெர்மனில் இன்னும் கடுமையான தலைப்போடு வெளியிட்ட சுவிஸ் இளைஞர்கள்மேல் நெஸ்லே அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் பெர்ன் நீதிமன்றம் இளைஞர்களுக்கு ஆளுக்கு 300 பிராங்க் அபராதம் விதித்துவிட்டு, விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ளும்படி கம்பெனிக்கும் சொன்னது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்புத் தொடங்கியது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. வணிகச் சுதந்திரம் அதன் காரணம். தாயின் தேர்வுரிமையில் தலையிடலாமா என்று இன்றும் அந்தக் குரல் கேட்கிறது. நெறிமுறை பால்மாவு விற்பதைத் தடுக்கவில்லை. தாயில்லாக் குழந்தைக்கும், பால் கொடுக்க முடியாத தாய்க்கும் அது வேண்டும். வில்லியம்ஸும் அதை மறுத்தவரல்ல. விளம்பரம், இலவச மாதிரி, மருத்துவமனைக்குள் ஆள் அனுப்புவது ஆகியவற்றைத்தான் நெறிமுறை தடுத்தது. காசு வாங்கிக்கொண்டு பேசும் செவிலியர் முன்னால் எடுக்கிற முடிவைச் சுதந்திரத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த இயக்கத்தின் ஒரு கால் பினாங்கில் ஊன்றியிருந்தது. அங்கிருந்து பன்னாட்டு நுகர்வோர் அமைப்பை வழிநடத்திய அன்வர் ஃபஸால்தான் வில்லியம்ஸின் பழைய உரையை 1986இல் மீண்டும் அச்சிட்டுப் பரப்பக் காரணமானவர். 1991இல் உருவான உலகத் தாய்ப்பால் கூட்டமைப்பின் செயலகமும் அதே ஊரில் அமைந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் ஆனது. இந்தியா 1992இல் சட்டமே இயற்றியது. பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது, டப்பாவின்மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது என்று அது சொன்னது. கொழுத்த குழந்தையைக் கண்டால் பால்மாவு டப்பாவின் பெயரால் 'கிளாக்ஸோ பேபி' என்று கொஞ்சிய நம் வீடுகளுக்கு அந்தப் படம் எவ்வளவு வேலை செய்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 2015-16இல் 55 சதவீதம், 2019-21இல் 64 சதவீதம். சட்டம் ஒன்றே இதைச் செய்தது என்று நிரூபிக்க முடியாது. விளம்பரம் தடையின்றி ஓடியிருந்தால் இது நடந்திருக்கும் என்று நம்புவது அதைவிடக் கடினம்.

விற்பனைக்குக் கடிவாளம் போட்டாகிவிட்டது, ஓரளவுக்காவது. நேரம் இன்னும் கிடைக்கவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்கிறது. மலேசியாவில் தனியார் துறைத் தாய்க்கு மகப்பேறு விடுப்பு 2022 வரை 60 நாள், 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். அதாவது 14 வாரம். இந்தியாவில் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது, ஆனால் அது நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு. கட்டடத்தில் சித்தாள் வேலைக்கும், வயலுக்கும், வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு அந்த விடுப்பு எட்டவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்மார்களைக் கூட்டிவைத்து உரையாற்றும் அமைச்சர்களும் அதிகாரிகளும், அடுத்த ஆண்டு அந்த மேடையில் அந்தத் தாய்மார்களின் முதலாளிகளை உட்காரவைத்துப் பேசட்டும்.